போகிறவருக்கு ஒரு சொல், வருகிறவருக்கு ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். எமிகிரேஷன், இமிகிரேஷன் என்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. காதில் விழும்போது ஒன்று போலவே இருக்கும். பிறந்த நாட்டை விட்டுப் போவது எமிகிரேஷன். போன நாட்டில் குடியேறுவது இமிகிரேஷன். ஆள் ஒருவர்தான், பயணமும் ஒன்றுதான்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவுக்குக் கிளம்பியது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தமான 300 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். இங்கே அவர்கள் எமிகிரண்ட். நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் கரை இறங்கியதும் இமிகிரண்ட் ஆகிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரைக்கும் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். அந்த ஏட்டை வைத்துத்தான் இன்றைக்கும் அவர்கள் வம்சத்தார் பூர்வீக ஊரைத் தேடுகிறார்கள்.

நம் பேச்சில் இப்போது எல்லாமே இமிகிரேஷன்தான். வெளிநாடு கிளம்பும்போது விமான நிலையத்தில் முத்திரை குத்தும் இடத்துக்கும் அதே பெயர். எமிகிரேஷன் என்ற சொல் மறந்தே போய்விட்டது. எனக்கு அதுதான் கவலை. ஏனென்றால், வேலைக்குப் போகிறவருக்கு நம் நாடு தருகிற பாதுகாப்பு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இ.சி.ஆர்., அதாவது எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு (எமிகிரேஷன் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கும். அதில் முதல் எழுத்து எமிகிரேஷனைத்தான் குறிக்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர்கள் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் அனுமதி வாங்க வேண்டும். விசா அந்த நாடு கொடுப்பது. இந்த அனுமதி நம் அரசு கொடுப்பது. கையில் விசா இருக்கிறதே, அப்புறம் என்ன என்று கிளம்பினால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அனுமதி கொடுக்குமுன் சம்பளம், வேலை, முதலாளி யார் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் பார்ப்பார்கள். காப்பீடும் கட்டாயம், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய்.

இதையெல்லாம் தவிர்க்கத்தான் சில ஏஜெண்டுகள், டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏஜெண்ட் அரசிடம் பதிவு செய்தவர்தானா என்பதை இ-மைகிரேட் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். வணக்கம்.