அந்தப் பெயரை யார் அனுமதித்தார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரைக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களிலேயே பள்ளிகளுக்கும் விடுமுறை வந்துவிடுகிறது. மண்டபத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பையன்கள் திண்ணையில் கூடி உட்கார்ந்து கைப்பேசியில் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெண் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். அது வெளியே தெரிவதில்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்று பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது, பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டில் பிள்ளைகள் தங்களுக்கு வைத்துக்கொள்ளும் பெயரைப் பற்றி. அந்தப் பெயர் இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவர்களை மாடரேட்டர்கள் என்கிறார்கள். மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டைத் தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் ஒரு சர்வரில், அதாவது இணையத்தில் எல்லாரும் கூடும் ஒரு தளத்தில், நானும் சம்பளமில்லாமல் அந்த வேலையைப் பார்க்கிறேன்.

விளையாட்டுக்குள் யாருக்கும் சொந்த முகம் கிடையாது. தலைக்கு மேல் தெரியும் பெயர்தான் முகம். அரட்டையில் ஒருவன் வசைச்சொல் எழுதினால் அடுத்த நிமிடம் அது மேலே நகர்ந்து மறைந்துவிடும். பெயரிலேயே வசை இருந்தால் ஆட்டம் முடியும்வரை எல்லார் கண்ணிலும் அது நிற்கும். அதனால்தான் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் பெயருக்கென்று விதி வைத்திருக்கின்றன. ஆபாசம், சாதி மத இழிவு, பிறருடைய போன் நம்பர், நிர்வாகியைப்போல் நடிக்கும் பெயர், விளம்பரம் ஆகியவை கூடாது. 2005இல் தொடங்கிய கிளப் பெங்குவின் என்ற சிறுவர் விளையாட்டு இன்னும் கவனமாக இருந்தது. குழந்தை கொடுத்த பெயருக்கு அனுமதி கிடைக்கும்வரை அதன் பென்குவினுக்குக் கீழே பெயருக்குப் பதில் ஓர் அடையாள எண்தான் தெரியும்.

விதிகள் எழுதப்பட்டபோது தமிழை யாரும் மனத்தில் வைக்கவில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டில் பெயருக்கு 12 எழுத்து உச்சவரம்பு. மைன்கிராஃப்டில் 3 முதல் 16 வரை, அதுவும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். தமிழ் எழுத்தை ஏற்கும் விளையாட்டுகளிலும் கணக்கில் ஒரு சிக்கல் வரக்கூடும். அந்தோணிச்சாமி என்ற பெயரில் நமக்கு ஏழு எழுத்து. கணினி எழுத்தைப் பதிந்துவைக்கும் யூனிகோடு முறையில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகள் என்பதால் அப்படியே எண்ணும் கணினிக்கு அது 13. பன்னிரண்டுதான் வரம்பு என்றால் பையனின் பெயர் நீளமென்று திருப்பி அனுப்பப்படும்.

ஆள்மாறாட்டத்துக்கும் தமிழில் வழி இருக்கிறது. தமிழ் எண் ஒன்று பார்வைக்கு ‘க’ போலவே இருக்கும். இரண்டு ‘உ’ போல, ஏழு ‘எ’ போல. எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டு உங்கள் நண்பனின் பெயரை அப்படியே போலி செய்யலாம். கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு வேறு பெயர். ராமேஸ்வரம் துறைமுகத்தில் ஒரே புனிதரின் பெயரையும் ஒரே அம்மனின் பெயரையும் பல படகுகள் தாங்கியிருக்கும். எந்தப் படகு என்று சொல்ல, பக்கத்தில் எழுதிய பதிவு எண் வேண்டும். விளையாட்டு நிறுவனங்களும் மெல்ல அங்கேதான் வந்து சேர்கின்றன. ரயட் நிறுவனம் 2023 நவம்பரில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற தன் விளையாட்டில் பெயரோடு ஒரு குறியையும் சேர்த்து அடையாளமாக்கியது. பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் பெயர்மாற்ற அட்டை வாங்கிப் பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கணக்கின் அடையாள எண் மாறாது.

இனி வடிகட்டிக்கு வருவோம். கெட்ட சொற்களின் பட்டியல் ஒன்றைக் கணினியிடம் கொடுத்து, அவை உள்ள பெயர்களை மறுக்கச் சொல்வதுதான் வடிகட்டி. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்கள் ஏஓஎல் இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் திண்டாடினார்கள். ஊர்ப்பெயரின் நடுவில் ஒரு கெட்ட சொல் ஒளிந்திருந்ததுதான் காரணம். நமக்கும் இது வரும். ரக்‌ஷிதா, ஹர்ஷிதா என்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் நான்கு எழுத்து ஒரு வசைச்சொல்லாக நிற்கும். பெற்றோர் ஆசையாக வைத்த பெயரை ஆபாசம் என்று ஒரு கருவி சொன்னால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? கருவி மட்டும் இல்லை, மனிதர்களும் தவறுகிறார்கள். 2010இல் அமெரிக்காவின் ஃபோர்ட் கே என்ற ஊரைச் சேர்ந்த ஒருவர் தன் ஊர்ப்பெயரைக் குறிப்பிட்டதற்காக, ‘கே’ என்பதைத் தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் சொல்லாக எண்ணி, எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற விளையாட்டுச் சேவை அவரது கணக்கை நிறுத்திவைத்தது. அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறது என்று தெரிந்த பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

இதைவிட என்னை வருத்துவது வடிகட்டியில் சிக்காதவை. ஒரு சாதியின் பெயரைச் சுருக்கி, அதனுடன் அரிவாள் என்று சேர்த்து ஆங்கில எழுத்தில் எழுதினால் வெளிநாட்டில் இருக்கும் மாடரேட்டருக்கு அது ஒரு விவசாயக் கருவி. 1957இல் முதுகுளத்தூரில் நடந்த சாதிக் கலவரத்தை அறிந்த நம் மாவட்டத்தில் அந்தப் பெயர் அப்படி வாசிக்கப்படாது. 1964 டிசம்பரில் புயல் கொண்டுபோன தனுஷ்கோடி ரயிலைக் கேலியாக்கி ஒருவன் பெயர் வைத்தால், அதை இங்கே இருப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் காசு வாங்கும் நிறுவனம் தமிழ் தெரிந்த மாடரேட்டர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

தண்டனையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் தடவை தப்பான பெயருக்குக் கணக்கை முடக்கக் கூடாது. பெயரை மட்டும் கட்டாயமாக மாற்றவைத்தால் போதும். வார்கிராஃப்டில் அந்த வழக்கம் உண்டு. அடுத்த முறை உள்ளே வரும்போது வேறு பெயர் கேட்கும், சேர்த்த பொருளும் ஏறிய நிலையும் அப்படியே இருக்கும். மைன்கிராஃப்டில் பெயர் கணக்கோடு சேர்ந்தது, 30 நாளுக்கு ஒரு முறைதான் மாற்றலாம். ஆகவே பையனைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த விதி, ஏன் என்று சொல்லி, மாற்றும்வரை எங்கள் சர்வருக்கு வெளியே இருக்கச் சொல்கிறோம். அநேகமாக மாற்றிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். அதே வசையை வேறு எழுத்தில் மறுபடி கொண்டுவருபவனுக்குத்தான் நிரந்தரத் தடை, அதுவும் இன்னொரு மாடரேட்டர் பார்த்த பிறகு. தோற்ற அணி கூட்டமாகச் சேர்ந்து புகார் கொடுப்பதும் நடக்கிறது. புகார்களின் எண்ணிக்கையை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

சொந்தப் பெயரையே எல்லாரும் வைத்தால் ஒழுங்கு வருமே என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். 2010 ஜூலையில் வார்கிராஃப்டை நடத்தும் பிளிசர்ட் நிறுவனம் தன் விவாத அரங்கில் எல்லாரும் உண்மைப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கியது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பெண் பெயரைக் கண்டதும் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவர்கள் எல்லா விளையாட்டிலும் இருக்கிறார்கள். நம் பெண் பிள்ளைகள் மீன் பெயரிலும் பறவைப் பெயரிலும் ஆண் பெயரிலும் ஆடுவது அதனால்தான். புனைபெயர் அவர்களுக்குப் பாதுகாப்பு. அதை யாரும் பறிக்கக் கூடாது.

ஒரு மோசமான பெயரைப் பார்த்தால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரோடு அடையாள எண்ணும் தெரியும்படி எடுங்கள், ஏனென்றால் புகார் போய்ச் சேருவதற்குள் பெயர் மாறிவிடலாம். தமிழ்ச் சொல் என்றால் அதன் பொருளையும், அது யாரை எப்படி இழிவுபடுத்துகிறது என்பதையும் இரண்டு வரியில் விளக்குங்கள். உங்கள் பிள்ளையின் கணக்கே தவறாக முடக்கப்பட்டிருந்தால், எந்த விதியின்படி என்று கேட்டு மேல்முறையீடு அனுப்புங்கள். ரக்‌ஷிதா போல உண்மைப் பெயராக இருந்தால் அது ஊரில் வழக்கமாக வைக்கும் பெயர் என்று எழுதினால் போதும். ஆதார் அட்டைப் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். வணக்கம்.