வாத்தை எழுதியவர் திரும்பி வந்தார்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, இந்தக் கூடத்தைத் தந்து உதவிய நூலகர் அம்மா அவர்களே, வாழ்த்துரையில் என்னை அளவுக்கு மேல் பாராட்டிவிட்ட பேராசிரியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் காமிக்ஸும் கையுமாக இருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பேர் வாங்கித் தந்த காமிக்ஸ் தொடருக்கே மூத்த எழுத்தாளர்கள் திரும்பி வருகிறார்களே, ஏன் வருகிறார்கள்? வந்து எழுதும் கதை எப்படி இருக்கிறது? வாசகர்கள் எப்படி ஏற்கிறார்கள்? இந்த மூன்றையும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அமெரிக்க காமிக்ஸ் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் 1975இல் எக்ஸ்-மென் என்ற அதிசய சக்தி வீரர்களின் தொடரை எழுதத் தொடங்கி 1991இல் வெளியேறினார். 2009இல், தான் விட்ட இடத்திலிருந்தே கதையைத் தொடர ஒரு தனித் தொடர் அவருக்குக் கிடைத்தது. அத்தனை வருடம் அவர் மனசுக்குள் அந்தக் கதை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, பாருங்கள்! ஆனால் பாத்திரங்கள் மார்வெல் என்ற காமிக்ஸ் நிறுவனத்தின் சொத்து. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள்.

அதே மார்வெலில் எழுதிய ஸ்டீவ் கெர்பர் கதையைக் கேளுங்கள். 1973இல் ஹோவர்ட் என்ற வாத்தை உருவாக்கினார். சுருட்டுப் பிடிக்கும், எல்லாரையும் எதிர்த்துப் பேசும் வாத்து. 1976இல் அது கதைக்குள்ளேயே அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்றது! வாசகர்கள் அதற்காகச் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். 1978இல் மார்வெல் நிறுவனம் கெர்பரை விலக்கியது. வாத்து யாருக்குச் சொந்தம் என்று அவர் வழக்குப் போட்டார். வழக்குச் செலவுக்குப் பணம் திரட்ட 1982இல் ஒரு காமிக்ஸ் வந்தது. அதற்குப் படம் வரைந்தவர் ஜாக் கிர்பி. மாபெரும் ஓவியர், ஒரு காசு வாங்கவில்லை. கடைசியில் சமரசம் ஆனது, வாத்து நிறுவனத்திடமே தங்கியது. இதற்கிடையில், எங்கள் டொனால்டு வாத்து மாதிரி இருக்கிறது என்று டிஸ்னி சொன்னதால் ஹோவர்டுக்குக் கால்சட்டை மாட்டினார்கள், உருவத்தையும் மாற்றினார்கள். அப்புறம் 2002இல் கெர்பர் அதே வாத்தை எழுதத் திரும்பி வந்தார். வந்து என்ன செய்தார் தெரியுமா? வாத்தை எலியாக மாற்றினார்! டிஸ்னியின் புகழ்பெற்ற பாத்திரம் எது என்று இந்தத் தம்பிக்குக்கூடத் தெரியும்.

சிரித்துவிட்டீர்கள், சரி. எனக்கு நெஞ்சு கனக்கிறது. தான் பெற்ற பிள்ளையை எழுத, இன்னொருவர் வாசலில் அவர் நிற்க வேண்டியிருந்தது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது!

எழுத்தாளர் லென் வெய்னும் அப்படித்தான். 1971இல் ஓவியர் பெர்னி ரைட்சனோடு சேர்ந்து உருவாக்கிய ஸ்வாம்ப் திங் என்ற சதுப்புநில அரக்கனின் கதைக்கு 2016இல் திரும்பினார். அடுத்த ஆண்டே மறைந்தார்.

எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அட்டையில் பேரும், மறுபதிப்பிலும் படத்திலும் பங்கும் வேண்டும். பதிப்பாளர்களுக்கு அனுப்பும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். போகும்போது நீங்களும் போடுங்கள், முகவரியை மறக்காமல் எழுதுங்கள்.