ஹலால் முத்திரையும் முப்பதாம் பிரிவும்

அவையோருக்கு வணக்கம்.

மளிகைக் கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் புள்ளி இருக்கும்; 14 இலக்க உரிம எண் இருக்கும். இரண்டும் சட்டம் கேட்பவை. சிலவற்றில் ஓரமாக ஒரு ஹலால் முத்திரையும் இருக்கும். அதைச் சட்டம் கேட்கவில்லை. தனியார் அமைப்பு கட்டணம் பெற்றுக்கொண்டு கொடுத்தது. உத்தரப் பிரதேசத்தின் ஹலால் தடையை எதிர்த்த வழக்கெல்லாம் அந்த ஓரத்தைப் பற்றித்தான்.

2023 நவம்பர் 18 அன்று உத்தரப் பிரதேச அரசு, ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருள்களின் உற்பத்தி முதல் விற்பனை வரை அனைத்துக்கும் தடை விதித்தது. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. தடைக்குக் கையில் எடுத்தது, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு. பொதுச் சுகாதாரம் கருதி, அதிகபட்சம் ஓராண்டுக்கு, ஓர் உணவுப் பொருளைத் தடை செய்யும் அதிகாரம் அது.

இந்தப் பிரிவு நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் குட்கா தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டது இதன் கீழ்தான். அவசரத்துக்கான அதிகாரத்தை ஆண்டுக்கணக்கில் இழுக்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் பிறகு அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. உயிரைக் குடிக்கும் குட்காவுக்கே இந்தப் பாடு! அப்படியிருக்க, முத்திரை குத்தினால் பிஸ்கட் உடம்புக்குக் கேடு, குத்தாவிட்டால் நலம், கப்பலேறினால் பாதகமில்லை என்று எந்த வழக்கறிஞர் வாதாடுவார்?

அதற்காக, சான்று தருவோர் மீது அரசு சொல்லும் புகார் முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். சிமெண்டுக்கும் இரும்புக் கம்பிக்கும்கூட ஹலால் சான்று தருகிறார்கள் என்று 2025 ஜனவரியில் மத்திய அரசின் வழக்கறிஞரான சொலிசிட்டர் ஜெனரல் இந்தத் தடை வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். சிமெண்டை யார் தின்கிறார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் சான்று கொடுப்பவரைச் சோதிப்பது யார் என்ற கேள்வி நியாயமானது. எது ஹலால் என்பது மார்க்க அறிஞர்களின் துறை. மதச்சார்பற்ற அரசு அதற்குள் கால் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. சான்றளிப்பவரின் கட்டணம், கணக்கு, தொழிற்சாலையை உண்மையில் நேரில் பார்த்தாரா என்பது, இவையெல்லாம் அரசு தாராளமாகக் கேட்கக்கூடியவை. பொய் லேபிளுக்கு அதே சட்டத்தின் 52ஆவது பிரிவில் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது.

வழி தெரியாமலும் இல்லை. ஏற்றுமதி இறைச்சிக்கு ஹலால் சான்று தருவோர் இந்தியத் தர மன்றத்தின் திட்டப்படி அங்கீகாரம் பெற வேண்டும் என்று மத்திய அரசே 2023இல் அறிவித்துவிட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கொடுத்த அந்த உத்தரவாதத்தை லக்னோவில் கடைக்குப் போகிறவருக்கும் கொடுக்கும்படி சான்று தருவோரை உத்தரப் பிரதேச அரசு கேட்டிருக்கலாம். விதித்ததோ தடை.