அழித்தால் அங்கேயும் போய்விடும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபோனில் ஒரு படம் எடுக்கிறீர்கள். ஃபோனைப் பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறீர்கள். சற்று நேரத்தில் அந்தப் படத்தின் பிரதி ஒன்று எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கும் கணினியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இதைத்தான் கிளவுட் என்கிறோம், மேகம் என்கிறோம். வரிசை வரிசையாக அடுக்கிய கணினிகள், அவற்றின் சூட்டைத் தணிக்க இரவும் பகலும் ஓடும் இயந்திரங்கள், வாசலில் காவல். அங்கே ஒரு மூலையில் நாம் வாடகைக்கு இடம் பிடித்திருக்கிறோம். வாடகை என்றேனே, அதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஃபோன் தொலைந்தால் நண்பர்களின் எண்களும் அதோடு போகும். இப்போது புது ஃபோனில் அதே கணக்கைத் திறந்தால் எண்கள், படங்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிடுகின்றன. பெரிய நிறுவனங்கள் ஒரே கோப்பைப் பல இடங்களில் பிரதி எடுத்து வைக்கின்றன. அங்கே ஒரு ஹார்ட் டிஸ்க் கெட்டால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. மேசை இழுப்பறையில் கிடக்கும் பென் டிரைவ் கெட்டால்? போனது போனதுதான்.

சரி, இப்போது என் அக்கா கதைக்கு வருகிறேன். நான் இந்த விஷயத்தை விடாமல் பேசிக்கொண்டிருப்பதற்கு அவர்தான் காரணம். அவருடைய ஃபோன் 'இடம் போதவில்லை' என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருநாள் உட்கார்ந்து பழைய படங்களையெல்லாம் அழித்துவிட்டார். "மேகத்துலதான் இருக்கே தம்பி, ஃபோன்ல எதுக்கு?" என்பது அவர் கணக்கு. சில மாதங்கள் கழித்து மகளின் முதல் பிறந்தநாள் படத்தைத் தேடினார். ஃபோனிலும் இல்லை, மேகத்திலும் இல்லை. அழித்த படங்கள் போய்ச் சேரும் செயலியின் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தோம். அதற்கும் ஒரு கெடு உண்டு, அது தாண்டியிருந்தது. உறவினர்களுக்கு எப்போதோ அனுப்பிய சில படங்களைத் திரும்ப வாங்கினோம். அனுப்பும்போதே சுருங்கிப்போன படங்கள். அக்கா ஒன்றை விரலால் பெரிதாக்கினார். குழந்தையின் கண் இமை இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள்தான் இருந்தன. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன நடந்தது? நாம் பேக்கப், அதாவது தனியாக எடுத்துவைத்த பிரதி, என்று நினைப்பது பெரும்பாலும் சிங்க், அதாவது இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல வைத்திருப்பது. இங்கே இருப்பது அங்கேயும் இருக்கும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கண்ணாடி முன் நின்று பொட்டை அழித்துவிட்டு, கண்ணாடிக்குள் பொட்டு இருக்கும் என்று நினைக்கலாமா? சில செயலிகளில் 'இடத்தைக் காலி செய்' என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. அது மேகத்தில் பிரதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபோனில் உள்ளதை மட்டும் எடுக்கும். 'அழி' என்ற பொத்தான் வேறு. இரண்டும் ஒன்றல்ல. தயவுசெய்து இதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள்.

இனி வாடகை. கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது, ஆப்பிள் 5 ஜிபி. கூகுளின் அந்த 15 ஜிபியில்தான் மின்னஞ்சலும் படங்களும் கோப்புகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அது நிரம்பி வழிந்தால் மின்னஞ்சல் வருவதுகூட நின்றுபோகலாம். அப்புறம், விதியை எழுதுபவர் வீட்டுக்காரர்தான். கூகுள் ஃபோட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாகப் படம் சேர்த்துவந்தோம். 2021 ஜூன் 1 முதல் புதுப் படங்கள் அந்த 15 ஜிபி கணக்கில் ஏறத் தொடங்கின. அதே ஆண்டு மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. வேறு இடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர்கள் சிலருக்குத் தரவு திரும்பக் கிடைக்கவே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், மேகமும் வேண்டும், கையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும். அக்கா இப்போது மாதக் கடைசி ஞாயிறு அன்று படங்களை டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, கேபிளைக் கழற்றி, அலமாரியில் வைத்துவிடுகிறார். கழற்றி வைப்பது முக்கியம். செருகியே இருந்தால் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் பிடித்துக்கொள்ளும்.

நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. பாஸ்வேர்டு பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், முடியாது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணக்கை மீட்க எந்த ஃபோன் எண் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பழைய எண்ணாக இருந்தால், இன்றைக்கே மாற்றிவிடுங்கள். வணக்கம்.