நவீன ஓவியம் காட்டியாச்சு, அப்புறம் வகுப்பில் என்ன செய்வது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை அனுப்பியது. "ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நவீன ஓவியங்களைப் போனில் காட்டினேன். 'இதை நானே வரைவேன் டீச்சர்' என்கிறார்கள். கையால் செய்கிற மாதிரி என்ன வேலை கொடுக்கலாம்? பொருள் வாங்கப் பணம் இல்லை. கடற்கரைக் கருமணலைப் பயன்படுத்தலாமா?"

'நானே வரைவேன்' என்று சொன்னார்களா? ரொம்ப நல்லது டீச்சர். சரி, செய்து காட்டு என்று விட்டுவிடுங்கள். ஆனால் படத்தைப் பார்த்து அப்படியே வரையச் சொல்லாதீர்கள். வகுப்பு முழுக்க ஒரே படத்தை நகலெடுத்தால் ஆண்டுவிழாவுக்குச் சுவரில் ஒட்டலாம், அவ்வளவுதான். அந்த ஓவியர் எப்படி வேலை செய்தார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சின் ஓவியர் மத்தீஸைப் பாருங்கள். 1941-ல் வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை. அதன்பிறகு நின்று வரைவது சிரமமாகிவிட்டது. உதவியாளர்கள் தாளில் வண்ணம் பூசிக் கொடுப்பார்கள், இவர் கத்தரிக்கோலால் வெட்டுவார். துண்டுகளைக் குண்டூசியால் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்து, மனசுக்குப் பிடித்த பிறகுதான் ஒட்டுவது. 1953-ல் இப்படிச் செய்த 'நத்தை' ஒன்பதடிக்கு மேல் அகலம்.

உங்களுக்குப் பழைய நோட்டுத்தாளே போதும். முதல் நாள் வண்ணம் பூசிக் காயப்போடுங்கள். மறுநாள் பென்சில்களையெல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். ரப்பர் இலை, பப்பாளி இலை, எது கிடைக்கிறதோ அதை முன்னால் வைத்து, கோடு போடாமல் நேரே வெட்டட்டும். கோணல்மாணலாக வரும், வரட்டும். பசையை மட்டும் கடைசிப் பத்து நிமிஷம் வரை கண்ணில் காட்டாதீர்கள். கிடைத்தால் உடனே ஒட்டிவிட்டு 'முடிஞ்சுது டீச்சர்' என்று எழுந்துவிடுவார்கள். துண்டுகளை நகர்த்திக்கொண்டிருக்கும்போதுதான் 'இந்தச் சிவப்பு இங்க வேண்டாம்' என்று பேச்சே வரும். வெட்டியதுபோக மிஞ்சுகிற தாளையும் வைத்திருங்கள், அதிலும் ஒரு வடிவம் இருக்கும்.

இன்னொருவர் கே.சி.எஸ். பணிக்கர். 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவர். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அவருடைய ஓவிய வரிசையில் ஜாதகம் மாதிரி கட்டங்கள், எழுத்து மாதிரி கோடுகள் இருக்கும். வாசிக்கப் போனால் வாசிக்க முடியாது! தமிழும் மலையாளமும் காதில் விழுந்து வளர்கிற நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே பிடிக்கும். ஒரு தாளில் கட்டம் போட்டு, அவரவர் காலைப்பொழுதைச் சொந்தக் குறிகளில் எழுதச் சொல்லுங்கள். விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போன அப்பாவுக்கு ஒரு குறி, தவறவிட்ட பஸ்ஸுக்கு ஒரு குறி, மழைக்கு ஒன்று. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை அதை வாசித்துச் சொல்ல வேண்டும். தப்பாகத்தான் வாசிக்கும், வகுப்பில் சத்தம் கூடும், பக்கத்து வகுப்பு சாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மார்க் போட வேண்டாம்.

கருமணலா? அது வேண்டாம் டீச்சர். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் மோனசைட் என்ற தாது கலந்திருக்கும், அதில் கதிர்வீச்சுள்ள தோரியம் உண்டு. பிள்ளைகள் கையில் அளைந்து மூக்கில் ஏற வேண்டியதில்லை. கறுப்புக்குத் தேங்காய்ச் சிரட்டைக்கரி, சிவப்புக்குச் செங்கல்பொடி. இரண்டையும் பசையில் குழைத்துக் கொடுத்தால் தாளில் நன்றாகப் பிடிக்கும்.