நிறுத்தத்தில் கரையும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

நகரப் பேருந்து ஏன் தாமதமாகிறது என்று கேட்டால் நெரிசலைத்தான் எல்லோரும் சொல்வோம். அது பாதிக் காரணம். மீதி நேரம் நிறுத்தத்தில் கரைகிறது. படியேறி, கம்பியைப் பிடித்து, சில்லறை எடுத்து டிக்கெட் வாங்க ஒருவருக்கு மூன்று விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் ஒரே வாசலில் ஏறி முடிக்க இரண்டு நிமிடம். அதுவரை பின்னால் வந்த வண்டியும் காத்து நிற்கும்.

அந்த இரண்டு நிமிடத்தை மீட்டுக் காட்டிய ஊர் பிரேசிலின் குரிச்சிபா. கட்டடக் கலைஞரான ஜைமே லெர்னர் மேயராக இருந்தபோது, 1974இல், சாலை நடுவே பேருந்துக்கென்றே தடம் ஒதுக்கினார்கள். 1991இல் கண்ணாடிக் குழாய் போன்ற நிலையங்கள் வந்தன. கட்டணத்தை நிலைய வாசலிலேயே செலுத்திவிடலாம். நிலையத்தின் தளமும் வண்டியின் தளமும் ஒரே உயரம். வண்டி வந்து நின்றதும் கதவடியில் ஒரு பலகை விரிந்து இடைவெளியை மூடும். எல்லாக் கதவுகளிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கலாம்; படி ஏறவே வேண்டாம். முழங்கால் வலியோடு பேருந்துப் படியை அண்ணாந்து பார்க்கும் முதியவர்களுக்கு இதன் அருமை நன்றாகப் புரியும்.

ஆனால் என் மனத்தை அதிகம் தொட்ட நகரம் கொலம்பியாவின் போகோத்தா. அங்கே பழைய பேருந்துகளில் ஓட்டுநரின் வருமானம் ஏற்றும் ஆட்களைப் பொறுத்தது. ஒரு பயணிக்காக இரண்டு வண்டிகள் போட்டிபோட்டு முந்தும். கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும். ‘சில்லறைக்கான போர்’ என்றே ஊரார் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஓட்டுநர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைய கூலி அன்றைய தலைக்கணக்கில்தானே இருந்தது! 2000 டிசம்பரில், மேயர் என்ரிக்கே பெனலோசா காலத்தில், டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தடப் பேருந்துச் சேவை ஓடத் தொடங்கியது. பேருந்து நிறுவனங்களுக்கு முக்கியமாக ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டுப் பணம் கொடுத்தார்கள். அந்தத் தடங்களில் ஆளுக்காக முந்த வேண்டிய அவசியமே போய்விட்டது. சிமெண்ட் தடத்தைவிட இந்தக் கணக்கு மாற்றத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நிலையங்களின் அருகே ஒவ்வொரு திசைக்கும் இரண்டு தடங்கள் விட்டிருக்கிறார்கள். ஒரு வண்டி ஆளேற்றும்போது, அங்கே நிற்க வேண்டாத விரைவு வண்டி அதைக் கடந்து போய்விடும். ஒற்றைத் தடமாக இருந்தால் முன்னே நிற்கும் ஒரு வண்டி பின்னால் வரிசையையே மறித்துவிடும். இப்படித்தான் ஒரு மணி நேரத்தில் ஒரே திசையில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை டிரான்ஸ்மிலேனியோ சுமக்கிறது. பல மெட்ரோ ரயில்களுக்கு நிகரான எண்ணிக்கை இது.

அத்தனை பேரும் வசதியாகப் போகிறார்கள் என்று சொல்ல முடியாது. காலை வேளையில் கதவை மூட முடியாத கூட்டம். நெரிசலைக் கண்டித்து மக்கள் தடத்தில் இறங்கி மறித்ததும் உண்டு. பேருந்துகளோடு கைகோக்க இப்போது அங்கே முதல் மெட்ரோ பாதை கட்டப்பட்டு வருகிறது. டிரான்ஸ்மிலேனியோ முதலில் ஓடிய கரகாஸ் அவென்யூவின் ஒரு பகுதியில், பேருந்துத் தடத்துக்கு மேலேயே அதன் பாலம் எழுகிறது.