நீலமாக இருந்தால் போதுமா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2016 ஆகஸ்ட் மாதம் பிரேசிலின் ரியோ நகரில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. மரியா லெங்க் நீச்சல் வளாகத்தில் வீரர்கள் உயரத்திலிருந்து குதிக்கும் குளம் திடீரென்று பச்சையாகிப் போனது. நேற்று வரை நீலமாக இருந்த தண்ணீர், மறுநாள் கோயில் குளம் மாதிரி ஆகிவிட்டது. அடுத்து, பக்கத்தில் இருந்த வாட்டர் போலோ குளமும் நிறம் மாறியது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது இப்படி.

போட்டி அமைப்பாளர்கள் பிறகு காரணம் சொன்னார்கள். ஒருவர் தவறுதலாக 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் குளத்தில் கலந்துவிட்டார். அதுவும் கிருமிநாசினிதான். ஆனால் அதுவும் குளோரினும் ஒரே தண்ணீரில் இருந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். குளோரின் போனதும் பாசி போன்றவை வளரத் தடை இல்லாமல் போயிற்று. கடைசியில் ஒரு குளத்தைக் காலிசெய்து, பக்கத்துப் பயிற்சிக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பித்தான் கலைநீச்சல் போட்டியை நடத்தினார்கள்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது தேதிகள். பெராக்சைடு கலந்தது 5ஆம் தேதி. பச்சை தெரிந்தது 9ஆம் தேதி. நடுவில் அந்தத் தண்ணீரைப் பார்த்த யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நான் கோயம்புத்தூர்ப் பக்கம் அப்பார்ட்மெண்ட்களில் உள்ள நீச்சல் குளங்களைப் பராமரிப்பவன். "சார், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?" என்று அசோசியேஷன்காரர்கள் கேட்கும்போதெல்லாம் அந்த நான்கு நாள்கள்தான் நினைவுக்கு வரும்.

நான் நீச்சல் கற்றது தோட்டத்துக் கிணற்றில். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிட்டார்கள். அந்தக் கிணற்றுக்கு யாரும் குளோரின் போட்டதில்லை. பிறகு ஏன் பூலுக்கு மட்டும் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். கிணற்றில் ஊற்று உண்டு. தினமும் வயலுக்கு இறைப்பார்கள், இறைத்த இடத்தில் புதுத் தண்ணீர் ஊறும். பாசியைத் தின்ன மீன் இருக்கும். பூலில் ஊற்றும் இல்லை, மீனும் இல்லை. நேற்று குளித்தவர்களின் வியர்வையும் எண்ணெயும் கரைந்த அதே தண்ணீர்தான் மோட்டாரில் சுற்றிச் சுற்றி வருகிறது. அதனால் அழுக்கை எடுக்கும் வேலையும் கிருமியைக் கொல்லும் வேலையும் முழுக்க நம் தலையில்.

கிருமியைக் கொல்லும் வேலையிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. தண்ணீரில் குளோரின் குறைந்தது 1 பிபிஎம் இருக்க வேண்டும், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1 முதல் 3 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிது. 1 லட்சம் லிட்டர் பிடிக்கும் குளத்தில் 1 பிபிஎம் ஏற்ற 100 கிராம் சுத்தமான குளோரின் தேவை. 65 சதவீதக் குளோரின் தூள் என்றால் 150 கிராமுக்குக் கொஞ்சம் மேல். சாதாரண பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால் அது 300 கிராம் வேண்டும். இதைக் கணக்குப் போடாமல், "ஒரு மக் போட்டேன் சார்" என்பதுதான் பல இடங்களில் நடைமுறை.

சரி, அளந்து போட்டாகிவிட்டது. அது வேலை செய்கிறதா என்பது பிஎச் கையில் இருக்கிறது. தண்ணீர் அமிலமா, காரமா என்று காட்டும் எண்தான் பிஎச். எண் ஏற ஏறக் காரம். தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு உருவம் எடுக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். அதுதான் வேலைக்காரன், கிருமியைச் சட்டென்று கொல்லும். இன்னொன்று ஹைப்போகுளோரைட், பெரிய சோம்பேறி. பிஎச் 7.5 ஆக இருந்தால் இருவரும் ஏறக்குறையப் பாதிப் பாதி. 8 ஆனால் வேலைக்காரன் கால் பங்குகூட இருப்பது சந்தேகம். டெஸ்ட் கிட்டில் குளோரின் 2 என்று காட்டும். பலன் என்னவோ அரைதான். அதனால் பிஎச்சை 7.2க்கும் 7.8க்கும் நடுவில் பிடித்து நிறுத்துகிறோம். நம் ஊரில் அது ஏறிக்கொண்டே போகும். போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகம். பிளீச்சிங் பவுடரும் காரம். குழந்தைகளுக்கென்று வைத்த செயற்கை அருவியும் பிஎச்சை ஏற்றும். வாரத்தில் சில நாள் ஆசிட் ஊற்றிக் குறைக்க வேண்டியிருக்கும்.

வெயில் இன்னொரு திருடன். திறந்தவெளிக் குளத்தில் உச்சி வெயில் இரண்டு மணி நேரம் அடித்தால் குளோரினில் பெரும்பகுதி போய்விடும். காலை 6 மணிக்குப் போட்டது மாலை 5 மணிக்குப் பிள்ளைகள் குதிக்கும்போது இருக்காது. எனவே மருந்து போடுவதை மாலையில், ஆட்கள் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் குளம் திறக்கும் முன் ஒருமுறையும், கூட்டம் வரும் முன் ஒருமுறையும் சோதித்துவிடுங்கள்.

வெயிலுக்குக் குடை பிடிக்க சயனூரிக் அமிலம் என்று ஒன்று உண்டு. கடையில் ஸ்டெபிலைசர் என்பார்கள். 30 முதல் 50 பிபிஎம் இருந்தால் நல்லது. பிரச்சினை அதற்கு மேல் போகும்போது. கடையில் விற்கும் 90 சதவீதக் குளோரின் மாத்திரைக்குள்ளேயே இது இருக்கிறது. மாத்திரை 10 பிபிஎம் குளோரின் தரும்போது 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் சேர்த்தே தருகிறது. குளோரின் செலவாகிவிடும், இது போகாது. மாதக்கணக்கில் சேரும். ஒரு குடியிருப்பில் என்னைக் கூப்பிட்டபோது குளோரின் 3 காட்டியது, ஆனால் சுவரெல்லாம் பாசி. இரண்டு வருடமாக மிதக்கும் டப்பாவில் மாத்திரை மட்டுமே போட்டுவந்திருக்கிறார்கள். சயனூரிக் அமிலம் அளவுக்கு மீறிப் போய், குளோரினைக் கட்டிப்போட்டுவிட்டது. இதற்கு மருந்து கிடையாது. பாதித் தண்ணீரை இறைத்து வெளியே விட்டுப் புதிதாக நிரப்ப வேண்டியதாயிற்று. கோடையில் லாரித் தண்ணீர் என்ன விலை விற்கும் என்று உங்களுக்கே தெரியும். மாத்திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்குப் போகும் வாரத்தில் போடுங்கள், வருடம் முழுவதும் வேண்டாம்.

அழுக்கை எடுப்பது மணல் ஃபில்டரின் வேலை. அதில் ஒரு அழுத்தமானி இருக்கும். சுத்தமாக இருக்கும்போது காட்டும் எண்ணைப் பெயிண்டால் பக்கத்தில் எழுதிவையுங்கள். முள் அதைவிட 8 அல்லது 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓட்டி மணலைக் கழுவ வேண்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்து மோட்டாரை இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுகிறவர்கள் உண்டு. குளத்தின் கொள்ளளவு முழுவதும் ஒருமுறை சுற்றிவர 6 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு சுற்றிலும் ஃபில்டருக்குள் போய்வருவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீர்தான். சுத்தமானதும் ஆகாததும் கலந்துகலந்து வருவதால் அப்படி. இரண்டு மணி நேர ஓட்டத்தில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

குளிக்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூலுக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் வாசம் வந்தால், "அடேங்கப்பா, நல்லா குளோரின் போட்டிருக்காங்க" என்று மகிழ்ந்துபோகிறோம். அது குளோரின் வாசம் அல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன் வாசம். கண் சிவப்பதும் பெரும்பாலும் அதனால்தான். இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் இதில் பெரும்பங்கைத் தடுக்கலாம். தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழிய வருகிறவர்களை ஒன்றும் சொல்ல முடியவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் அனுப்புவார். ஆனால் தண்ணீர் மட்டத்தில் டைல்ஸைச் சுற்றிப் படிகிற பழுப்புக் கோட்டைத் தேய்க்கிறவனுக்குத்தான் அந்த எண்ணெயின் அருமை தெரியும்.

வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையைக் குளத்தில் இறக்கவே கூடாது. ஈ.கோலை கிருமி 1 பிபிஎம் குளோரினில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதே தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். அப்படி ஒரு விபத்து நடந்துவிட்டால், எல்லாரையும் வெளியே ஏற்றிவிட்டு, குளோரினை 20 பிபிஎம் அளவுக்கு ஏற்றி, 12 மணி 45 நிமிடம் அப்படியே நிறுத்திவைக்கச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஸ்டெபிலைசர் கலந்த குளமென்றால் அந்த நேரமும் போதாது.

மருந்து அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிட் கேனும் குளோரின் வாளியும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. மூடிய அறையில் அது ஆளையே கொல்லும். மாத்திரை அளந்த கரண்டியால் 65 சதவீதத் தூளை அள்ளாதீர்கள், தீப்பிடிக்கும். எப்போதும் தண்ணீரில் மருந்தைப் போடுங்கள், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

அடுத்து, குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி. 2002இல் அமெரிக்காவில் கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி, வடிகாலின் உறிஞ்சு விசையில் சிக்கித் தண்ணீருக்குள்ளேயே இறந்துபோனாள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2007இல் அங்கே சட்டம் வந்தது: பொதுக் குளங்களில் தட்டையான பழைய மூடிக்குப் பதிலாக, உடம்போ முடியோ சிக்காத மூடிதான் போட வேண்டும். நம் குடியிருப்புகளில் திருகாணி கழன்ற மூடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூடி உடைந்திருந்தாலோ ஆடினாலோ அன்றைக்கே மோட்டாரை நிறுத்திக் குளத்தைப் பூட்டுங்கள்.

மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தினமும் காலையில், ஆழமான பக்கத்துக் கரையில் நின்று கீழே பாருங்கள். மூடியின் துவாரங்கள் தனித்தனியாகத் தெரிந்தால் டெஸ்ட் கிட்டை எடுங்கள். கலங்கலாகத் தெரிந்தால் கேட்டைத் திறக்காதீர்கள். அடியில் ஒரு குழந்தை கிடந்தாலும் அன்றைக்கு அப்படித்தான் தெரியும்.

நன்றி, வணக்கம்.